பெட்டிசம் நானாவுக்குப் பிடிக்காத பையன்

தன் பிறப்புச் சான்றிதழையே நம்பாத மனிதர் மாத்தளை மாவட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெட்டிசம் நானா. "பதிவுகாரர் நான் பொறந்தத கண்ணால கண்டாரா? வாப்பா செல்ல அவர் எழுதினார். வாப்பா அண்டைக்கு யாவாரத்துக்கு ரத்தோட்டைக்குப் போயீந்தார். அப்ப அவருக்கு யாரு செல்லினது?" என்று கேட்பார். தகப்பன் சொன்னதுகூட அவருக்குச் சாட்சியில்லை. வயதை எழுத வேண்டிய படிவங்களில் 'ஐம்பத்தெட்டு என்று சொல்லப்படுகிறது' என்றுதான் நிரப்புவார்.

நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்; நிஜப் பெயர் அவருக்கு வேறு ஒன்று இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. மாத்தளை டவுனில் கோர்ட் மதிலோரம் மரத்தடியில் ஒரு மேசை, உட்கார ஒரு வாங்கு, ஒரு கிழட்டு டைப்ரைட்டர். காணித் தகராறு, காணாமல் போன மாடு, வராத பென்ஷன், வந்துவிட்ட மருமகன், எதுவானாலும் அவரிடம் போய்ச் சொன்னால் மேலிடத்துக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதித் தருவார். இங்கிலீஷ் என்றால் டைப் அடிப்பார். தமிழும் சிங்களமும் கையால். மூன்று மொழியும் தெரிந்ததால் மூன்று மொழியிலும் சந்தேகப்படுவார்.

பஸ் ஏறுவதைப் பார்க்க வேண்டும். டிரைவரிடம் ரத்தோட்டையா என்று கேட்பார். கொண்டக்டரிடம் கேட்பார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பயணியிடமும் கேட்பார். மூன்று பேரும் ரத்தோட்டைதான் என்று சொல்லிவிட்டால் சந்தேகம் தீராது, கூடிவிடும். மூன்று பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள் என்றால் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமாம். அதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு விசாரணை மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும்.

இது கிறுக்குத்தனம் மட்டுமில்லை, அவருடைய தொழில்முறையும் இதுதான். வருகிற ஆள் தன் கதையை மூன்று தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை ஆரம்பத்திலிருந்து. இரண்டாவது, முடிவிலிருந்து பின்னோக்கி. மூன்றாவது, நடுவில் அவர் விரலை வைக்கும் இடத்திலிருந்து. அதன் பிறகுதான் பேனா மூடி திறக்கும். உண்மை பேசுகிறவனுக்கு மூன்று தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், பொய்க்காரன்தான் மூன்று தடவையும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே கதையைச் சொல்லுவான் என்பது அவர் கணிப்பு.

ஒரு நாள் வஹகோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் ஆடு தன் மிளகுக் கொடியைத் தின்றுவிட்டது என்று பெட்டிசம் எழுத வேண்டுமாம். முன்னோக்கிச் சொன்னபோது கண்ணீர் வரவைக்கும் கதை. பின்னோக்கிச் சொல்லும்போது, ஆட்டைப் பிடித்துக் கட்டினேன் என்றார். அதற்கு முன்னால்? கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்றார். யார் கட்டின கயிறு என்று நானா கேட்டார். மனிதர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்துவிட்டார். ஆடு அவருடையதுதான்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் நான் பதினெட்டு வயதில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை. ஏ.எல். படிக்க டவுனுக்கு வந்து ஒரு வீட்டில் போர்டிங் இருந்தேன். வகுப்பில் முதல் நாள் ஒவ்வொருவராக ஊர் பேர் சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்னால் எழுந்த பையன் தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னான். பின் வாங்கிலிருந்து ஒருவன் "தோட்டக்காட்டான்" என்றான். வகுப்பே சிரித்தது. அடுத்தது என் முறை. யோசிக்க நேரமில்லை. யாழ்ப்பாணம் என்று சொன்னேன். அப்பா ஸ்டேஷன் மாஸ்டர் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எப்பேர்ப்பட்ட மடையன் நான் என்று கேளுங்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் முடிந்து இரண்டு மூன்று வருஷம். ரோட்டுக்கு ரோடு சோதனை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டிய காலம். அசல் யாழ்ப்பாணத்தவர்களே பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வந்து, யாராவது கேட்டால் கண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷத்தில், பனைமரத்தைக் கலண்டரில் மட்டுமே பார்த்திருந்த நான், ரேடியோ நாடகம் கேட்டுப் பழகிய பேச்சோடு யாழ்ப்பாணத்தான் ஆனேன். இலங்கையிலேயே விரும்பி யாழ்ப்பாணத்தான் ஆனவன் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

பின்னேரங்களில் நானாவின் வாங்கில் உட்கார்ந்து அவர் வாங்கும் பேப்பரை ஓசியில் படிப்பேன்; அவரிடமும் அதே யாழ்ப்பாணம், அதே ஸ்டேஷன் மாஸ்டர்தான். பழைய புத்தகம் விற்கிறவனிடம் எனக்கு ஒரு நாவல் கிடைத்திருந்தது. தமிழில் மொழிபெயர்த்தது. அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்து போயிருந்ததால் பெயரும் தெரியாது, எழுதினவரும் தெரியாது. உலகமே கொண்டாடுகிற நாவல் என்று விற்றவன் சத்தியம் செய்தான். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசம். மாமா வீட்டில் வளர்கிற பதினேழு வயதுப் பையன் தன் கதையைத் தானே சொல்கிறான். அவனுக்கு ஒருவரையும் பிடிக்காது. மாமியின் மூக்கு பிடிக்காது, மாமாவின் இருமல் பிடிக்காது, வாத்தியாரின் நடை பிடிக்காது. ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் மூளை. கடைசியில் ஒருத்தர் என்னைப் பற்றி எழுதிவிட்டார் என்று நான் அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அதைத்தான் கொண்டுபோய் நானாவிடம் கொடுத்தேன். இலக்கியம் என்றால் என்னவென்று அவருக்குக் காட்ட வேண்டும் என்ற திமிர்தான், வேறென்ன.

மறுநாள் போனால் சிவப்புப் பென்சிலோடு இருக்கிறார். வணக்கமில்லை, வா என்றில்லை.

"டேய், இவன் யாரு?"

"கதாநாயகன், நானா."

"இவன் செல்ற ஒரு சொல்லயும் நம்ப ஏலாது."

அன்றிலிருந்து அந்தப் பையன்மேல் விசாரணை தொடங்கியது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சிவப்புக் கோடு. மழை பெய்தது என்று அவன் சொன்னால், எட்டுப் பக்கத்துக்கு முன்னால் வெயில் என்றானே என்று குறிப்பு. வாத்தியார் தன்னை அடித்தார் என்றால், பக்கத்தில் யார் இருந்தது என்று கேள்வி. நாவலையும் மூன்று தடவை படித்தார் மனிதர். ஒரு தடவை முன்னாலிருந்து, ஒரு தடவை கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கி, ஒரு தடவை நடுவிலிருந்து. எழுதினவர்கூட அதை அப்படிப் படித்திருக்க மாட்டார்.

பக்கத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த சுமனா அக்கா தினமும் கதை கேட்பாள். சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் புரியும். இன்றைக்கு அவன் மாமியிடம் என்ன சொன்னான், சாப்பிட்டானா, இல்லையா என்று விசாரித்துவிட்டுத்தான் கடை திறப்பாள். நானா அவனைத் திட்டத் திட்ட அவளுக்கு அவன்மேல் பாசம் கூடியது. "அனே, அம்மா இல்லாத புள்ள நே. கோவம் வரும்தானே" என்று அவன் கட்சி பேசுவாள். நானாவுக்கு அது இன்னும் ஆத்திரம்.

இதில் ஒரு கல்யாணமே தடைப்பட்டது. பெட்டிசம் எழுத வந்த, முக்காடு போட்ட ஓர் உம்மா, நானா சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாமா வீட்டில் இருக்கிற பையன், மாமாவின் வாட்சைத் திருடிவிட்டுத் தொலைந்துபோனது என்கிறான், ஆள் சரியில்லை, இப்படி. அவருடைய தங்கை மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையும் மாமா வீட்டில் வளர்ந்தவனாம். அவர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ, மூன்று மாதம் அந்தப் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நானா புத்தகத்தைத் தூக்கிக் காட்டி அந்தப் பையன் இதற்குள் இருக்கிறான் என்றார். அவர்கள் அதை நம்பவில்லை.

எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அவனைத் திட்டினால் என்னைத் திட்டுகிற மாதிரியே இருந்தது. ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டேன். என்ன பொய் சொன்னான் அவன், ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். நானா நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பையன் தன் தகப்பனைக் கப்பல் கப்டன் என்று சொல்லுவான். எப்போதும் கடலில் இருக்கிறாராம், அதனால்தான் பார்க்க வருவதில்லையாம்.

"கப்பல்ட பேரென்ன? முன்னூறு பக்கத்துல ஒரு தரமாச்சும் செல்றானா? மாமிட மூக்குக்கு ரெண்டு பக்கம் எழுதுறான். வாப்பாட கப்பலுக்கு ஒரு பேரில்ல. இவன் தகப்பன மறைக்கிறான்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிகச் சாதாரணமாக, உன் வாப்பா எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். காங்கேசன்துறை என்று சட்டென்று சொன்னேன். தலையாட்டினார். ஒன்றும் எழுதவில்லை.

அந்தத் தலையாட்டல் என் நிம்மதியைக் கெடுத்தது. இவருக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? நான் அவரை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவர் புத்தகத்துக்கு மேலாக என்னைப் பார்ப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் உளவு பார்த்துக்கொண்டே ஒரே பேப்பரைப் பங்கு போட்டுப் படித்தோம்.

நல்ல மழைக்காலம். ஒரு பின்னேரம் புல்லுக்குள்ளால் நடந்து வந்து வாங்கில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். காலில் ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறியிருக்கிறது. சுமனா அக்காவின் தட்டிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பைத் தொட்டு அட்டையில் தடவி, அது உதிர்ந்ததும் காலைத் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது நானா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்ததைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பட்டப்பகலில், சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொலிஸ் வந்தது. போர்டிங் வீட்டு அக்கா தங்கமான மனுஷி, ஒரு பொய் சொல்லத் தெரியாது. பட்டியலில் என் பெயருக்கு நேரே யாழ்ப்பாணம் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். நான் சொன்னதைத்தானே எழுதுவாள்? அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அன்றைக்கு அட்டை கிடையாது. அப்பாவுக்கே பிரஜாவுரிமை வந்து சேரவில்லை. யாழ்ப்பாணத்தான், அட்டையும் இல்லை. ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸ் ஸ்டேஷனில் உண்மையைச் சொன்னேன். எல்கடுவ, தோட்டம், லயம், அப்பா பேர், எல்லாம். இன்ஸ்பெக்டர் சிரித்தார். வீட்டுக்காரி யாழ்ப்பாணம் என்கிறாள், வகுப்புப் பிள்ளைகள் யாழ்ப்பாணம் என்கிறார்கள், பிடித்ததும் நீ எல்கடுவ என்கிறாய் என்றார். மறுநாள் காலையில் வேறு இடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அப்படி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

விஷயம், ஸ்டேஷனில் நான் சொன்ன எல்கடுவ என்ற பெயரோடு, சுமனா அக்கா வழியாக நானாவுக்குப் போயிருக்கிறது. அவர் தேயிலைப் பெட்டி ஏற்றும் ஒரு லொறியில் எல்கடுவவுக்குப் போய், யாரிடம் எப்படிக் கேட்டாரோ, என் அப்பாவைக் கண்டுபிடித்து, தோட்டத்து ஆபீசில் ஒரு கடிதமும் வாங்கி, மறுநாள் விடிந்ததும் ஸ்டேஷனில் நின்றார். கக்கத்தில் ஒரு கடதாசிப் பார்சல். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அதைப் பிரித்துப் பார்த்தான். பேக்கரியில் வாங்கிய இரண்டு பணிஸ், ஒரு வாழைப்பழம். தன் பசிக்கு என்று நானா சொன்னாராம்.

கடிதத்தை இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கடிதம் யாரும் எழுதலாம், தகப்பன் என்று யாரையும் கூட்டி வரலாம் என்றார். அவருக்கும் சந்தேகப்படுவதுதானே தொழில். பையன் தன் வாயால் சொல்லட்டும், அதை நான் எழுதித் தருகிறேன், பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள் என்று நானா கேட்டார். என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அப்பா சுவரோரம் நின்றார். ஃபெக்டரியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். தலைமுடியில், காதோரத்தில், தேயிலைத் தூள். நானா பேனா மூடியைத் திறக்காமல் என்னைப் பார்த்தார். எல்கடுவப் பையன் யாழ்ப்பாணத்தான் ஆனது எப்படி என்று ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார்.

என்னால் முடியவில்லை. உயிர் போகும் என்று தெரிகிறது, ஆனால் அப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஏதோ தவறுதலாகப் பதிந்துவிட்டார்கள் என்று உளறினேன். நானா மேசைமேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அந்தப் புத்தகத்துப் பொடியனுக்கு முன்னூறு பக்கம் கெடச்சும் செல்லல. ஒனக்கு ஒரு பக்கம்தான் ஈக்குது, மவன். செல்லு."

சொன்னேன். என் அப்பா தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று சொல்ல வெட்கப்பட்டேன். அதனால் வேறு ஊர் சொன்னேன். வேறு அப்பா சொன்னேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்று சொன்னேன். ஒரு தடவையில் விடவில்லை பாவி மனுஷன். முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வைத்தார். நடுவிலிருந்து சொல்ல வைத்தார். மூன்றாம் தடவை நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் எழுதத் தொடங்கினார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஸ்டேஷன் மாஸ்டருங்களா ஐயா? நான் இன்னும் ரயில்லயே ஏறுனதில்லைங்க. டவுனுக்கு வந்தா தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிருவேங்க."

நானா அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். பிறகு நானா அட்டைக் கதையையும் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை காலில் அட்டையைக் கண்டால் ரோட்டுக்கே ஓடும், இவன் சுண்ணாம்பு தொட்டு வைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான் என்றார். இன்ஸ்பெக்டர் அட்டை நிறைந்த ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் வேலை பார்த்தவர் போலிருக்கிறது. தன் சப்பாத்தை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

கடைசியாக நானாவிடம் கேட்டார்: இந்தப் பையனை உமக்குத் தெரியுமா, நல்லவனா? பிள்ளைகளைக் கேட்டு அங்கே வருகிற எல்லாரும் தங்கம், வைரம், எறும்புக்கும் தீங்கு செய்யாதவன் என்றுதான் சொல்லுவார்கள். நானா சிங்களத்தில் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. நல்லவன் இல்லை சேர். பொய் சொல்லுவான், திமிர் பிடித்தவன், உலகத்தில் தனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று நினைக்கிறவன். எனக்கு இவனைக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் இவன் இந்த மனுஷனுடைய மகன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எழுதிய தாளை இன்ஸ்பெக்டர் அவர் பக்கமாகத் தள்ளினார். பிறகு, அப்படியானால் நீர் கையெழுத்து வையும், பையன் ஓடினால் உம்மைப் பிடிப்பேன் என்றார். பெட்டிசம் எழுதுகிறவர் தன் கையெழுத்தை வைப்பதே கிடையாது, அது அவர்கள் தொழிலின் கண்டிப்பான வழக்கம். நானா வைத்தார். யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரை மூவரும் நடந்தோம். அப்பா ஒரு முறை என் தோளைத் தொட்டார். பாதையிலேயே அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. எல்கடுவ பஸ் நின்றிருந்தது. ஏறுவதற்கு முன் நானாவிடம் கேட்டேன். என்னைப் பிடிக்காது என்று சொன்னது இன்ஸ்பெக்டரை நம்பவைப்பதற்குத்தானே?

"இல்ல. உண்மயாத்தான். எனக்கு ஒன்னப் பிடிக்கல" என்றார். கக்கத்தில் நசுங்கிப்போயிருந்த பார்சலை எடுத்து என் கையில் திணித்தார். எனக்குப் பசியில்லை, வீணாகப் போகும், தின்னு என்றார். அப்பாவிடம், ராத்திரி பூரா இவன் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான், ஜன்னல் பக்கமாக உட்காரவையுங்கள் என்று சொன்னார். பஸ் திரும்பும் வரை வெயிலில் நின்றார்.

நானா மௌத்தாகி அடக்கமாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது. மூன்று மொழியில் ஆயிரக்கணக்கான பேரின் பொய்யைக் கண்டுபிடித்த அந்த மனிதர், தன் வாயால் சொன்ன ஒரே பொய், என்னைப் பிடிக்காது என்று அன்றைக்குச் சொன்னதுதான்.